நிழல் தாங்கலும் நீர்த் தாங்கலும்

அய்யா துணை



திருஏடு வாசிப்பு முடிந்து, இனிமம் வாங்கிக்கொண்டு தாங்கல் வாசலில் நிற்கையில் நம்மவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும். "கலி முத்திப்போச்சு. வெயில் இப்படிக் கொளுத்துறதும், மழை ஒரே ராத்திரியில கொட்டித் தீர்க்கிறதும், கடல் ஊருக்குள்ள ஏறுறதும் நடக்கத்தானே செய்யும்? தர்மயுகம் பிறந்தாத்தான் எல்லாம் சரியாகும். அதுவரைக்கும் நாம என்ன செய்ய முடியும்?"

இப்படிச் சொல்பவர் பக்தி குறைந்தவர் அல்லர். பெரும்பாலும் பக்தி மிகுந்தவரே இப்படிச் சொல்கிறார். அதில் கொஞ்சம் களைப்பும் இருக்கிறது. நாள் முழுக்கக் கடையிலோ, பட்டறையிலோ, டிப்போவிலோ உழைத்துவிட்டு வருகிற மனிதரிடம் பூமி சூடாகிறது, நீ ஏதாவது செய் என்றால் அவர் வேறென்ன சொல்வார்? ஆனால் இந்தப் பேச்சை அப்படியே விட்டுவிடவும் முடியாது. கலியின் முடிவை நம்புகிறவன் கைகட்டி நிற்கலாமா என்பது நம் வழியின் அடிப்படையைத் தொடும் கேள்வி. பட்டாபிராமில் இருந்துகொண்டு இதை யோசிப்பதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு.

தாங்கல் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். தெற்கே நமக்குத் தாங்கல் என்றால் நிழல் தாங்கல். களைத்து வருகிறவனுக்கு நிழலும், பசித்து வருகிறவனுக்கு அன்னமும், யாராலும் தள்ளப்பட்டவனுக்கு ஓர் இடமும் தருவது. தொண்டை மண்டலத்துச் சீமையிலோ தாங்கல் என்றால் சிற்றேரி. மழைநீரைத் தாங்கி நிறுத்துவதால் அதற்கு அந்தப் பெயர். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்ற ஊர்ப்பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவை. பிழைப்புக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஆவடி, பட்டாபிராம், அம்பத்தூர் பக்கம் குடியேறிய நாம், கூடவே நம் தாங்கலையும் கொண்டுவந்தோம். வந்த இடத்தில் முன்பே இன்னொரு தாங்கல் இருந்தது. சேக்காடு ஏரி, விளிஞ்சியம்பாக்கம் ஏரி, பருத்திப்பட்டு ஏரி, மிட்டனமல்லி ஏரி, திருநின்றவூர் ஈசா ஏரி என்று சுற்றிலும் தண்ணீர் நின்ற பூமி இது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்றுதான் சொல்வார்கள். ஒரு தாங்கலைக் கட்டிக் காத்த நாம் மற்றத் தாங்கலை என்ன செய்தோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

2019-ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். முந்தைய ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கோடையில் வற்றிப்போயின. அந்த ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் ரயில் புறப்பட்டது. 50 வேகன்கள், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர். அரக்கோணம், திருவள்ளூர் வழியாக வந்த அந்த ரயில் பட்டாபிராமைக் கடந்துதான் போயிற்று. ஏரிகளின் நாடு என்று பெயரெடுத்த மண்ணின் நடுவே, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தாண்டி ரயிலில் வந்த தண்ணீர்! அது போன பாதையின் இரு பக்கமும் தெருக்களில் பிளாஸ்டிக் குடங்களை வரிசையாக வைத்துவிட்டு, லாரி எப்போது வரும் என்று பெண்கள் காத்துக்கிடந்த கோடை அது.

அதே மண்தான் 2015-லும் 2021-லும் 2023-லும் வெள்ளத்தில் நின்றது. திருநின்றவூரில் ஏரி நிரம்பினால் பக்கத்து நகர்களில் வீட்டுக்குள் தண்ணீர். வடிய நாள்கணக்கில் ஆகிறது. ஒரு வருடம் குடிக்கத் தண்ணீர் இல்லை, இன்னொரு வருடம் நிற்கத் தரை இல்லை. இரண்டும் வேறு வேறு துன்பம் என்று தோன்றும். வேர் ஒன்றுதான். காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கிவைக்கும் ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. கடலும் சூடாகிறது. ஆகவே மழை வராத காலம் இன்னும் காய்கிறது. வருகிற மழையோ ஒரு மாதத்துக்குரியதை ஓரிரு நாளில் கொட்டிவிடுகிறது. மேலே காற்று கூடுதலாகத் தாங்குகிறது. கீழே அதை வாங்கித் தாங்க வேண்டிய ஏரியை மண்போட்டு மேடாக்கி மனைபோட்டு விற்றுவிட்டோம், அல்லது கழிவுநீரை விட்டு நிரப்பிவிட்டோம். நியாயமாகச் சொல்வதென்றால் எல்லாப் பழியையும் பருவநிலை மாற்றத்தின் மேல் போட்டுத் தப்பவும் கூடாது. வானத்தில் நடப்பது பாதி என்றால் வாய்க்காலில் நடந்தது மீதி.

தாழ்ந்து கிடப்போரைத் தாங்கிக் காப்பதே தர்மம் என்பது அய்யா நமக்கு வகுத்துத் தந்த இலக்கணம். தாழ்ந்து கிடப்போர் என்றால் சாதியால், வரியால், ஊழியத்தால் மிதிக்கப்பட்டோர் என்று நம் முன்னோர் அறிந்தார்கள். அது உண்மை. இன்றைக்கு அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் வந்து சேர்ந்திருக்கிறது. புயல் எச்சரிக்கையில் தாழ்வான பகுதியில் வசிப்போர் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று சொல்கிறார்களே, அந்தத் தாழ்வான பகுதியில் இருப்பவர் யார்? மேட்டில் மனை வாங்க வசதி இல்லாதவர். ஏரிக்கரை ஓரத்திலும் கால்வாய் ஓரத்திலும் தகரக் கூரை போட்டவர். மே மாதத்தில் அந்தத் தகரத்துக்குக் கீழே கைக்குழந்தையோடு மதியத்தைக் கழிப்பவர். வெயிலில் நின்று சித்தாள் வேலை செய்பவர். பூமியின் சூட்டை ஏற்றியதில் இவர்களுக்குப் பங்கு மிகக் குறைவு. அடி விழுவது முதலில் இவர்கள் மேல்.

2023 டிசம்பர் இதை நம் சமூகத்துக்கு நேரடியாகவே காட்டியது. டிசம்பர் 3, 4 தேதிகளில் மிச்சாங் புயல் சென்னையையும் புறநகரையும் மூழ்கடித்தது. அந்த வெள்ளத்தோடு மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை படர்ந்து, மீனவர்களின் வலையையும் படகையும் கருப்பாக்கியது. இங்கே வீட்டைக் கழுவி முடிப்பதற்குள், டிசம்பர் 17, 18-இல் ஊரிலிருந்து செய்தி. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டு நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் ஊர் ஊராகத் தண்ணீர். இங்கே இருந்த மகனின் வீடும் அங்கே இருந்த தாயின் வீடும் பதினைந்து நாள் இடைவெளியில் நனைந்தன. பத்திரமான ஊருக்குப் போய்விடலாம் என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை என்று அன்றைக்குப் பலருக்குப் புரிந்தது.

அந்த வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. தண்டவாளத்தின் கீழே மண் அரித்துப்போயிருந்தது. ஏறத்தாழ 800 பயணிகள். அய்யா கடலிலிருந்து வெளிப்பட்ட திருச்செந்தூரில் ஏறி, நாம் பிழைக்கும் சென்னைக்கு வரவேண்டிய மக்கள். சுற்றிலும் வெள்ளம், வெளியிலிருந்து உதவி வரவில்லை. அப்போது அவர்களுக்குச் சோறு போட்டவர்கள் பக்கத்திலிருந்த புதுக்குடி கிராமத்து மக்கள். தங்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர்தான். நாளைக்குத் தங்களுக்கு அரிசி வருமா என்று தெரியாது. இருந்ததைப் பொங்கிப் போட்டார்கள். அன்னதர்மம் என்று நாம் தாங்கலில் சொல்லும் சொல்லின் முழுப் பொருளும் அதில் இருக்கிறது. தாழ்ந்து கிடந்தவரைத் தாங்கியவர் உயரத்தில் இருந்தவர் அல்லர். அவரும் தண்ணீரில்தான் நின்றார்.

இனி இதன் காரணத்துக்கு வருவோம். அகிலத்திரட்டு அம்மானையில் குறோணியின் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பிறந்த உடனே அவனுக்குத் தீராப் பசி. கடல்நீரைக் குடித்தான், பசி அடங்கவில்லை. கயிலையையே விழுங்கத் துணிந்தான். மாயோன் தப்பித் தவமிருந்து, வரம் பெற்று, அவனை ஆறு துண்டாக வெட்டினார். அந்தத் துண்டுகள் யுகந்தோறும் பிறந்து, கடைசித் துண்டே கலியாக வந்தது. சிறுபிள்ளையாக இதைக் கேட்கும்போது பெரிய வாயுள்ள அரக்கன் ஒருவன் கண்முன் வருவான். வளர்ந்தபின் யோசித்தால் பயமுறுத்துவது வாய் அல்ல, போதும் என்று சொல்லத் தெரியாத அந்தக் குணம். முற்பிறவிகளில் உடலோடு வந்த அது கலியில் மனத்துக்குள் மாயையாகக் குடியேறியது என்பதால்தான் வில்லெடுத்து அதைக் கொல்ல முடியாது என்கிறோம்.

அய்யா இந்தப் பூமியில் நடமாடிய காலம் 1809 முதல் 1851 வரை. அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அய்யா வைகுண்டம் சென்ற காலத்தை ஒட்டிய 1850 முதல் 1900 வரையிலான வெப்பத்தைத்தான் உலக விஞ்ஞானிகள் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். அதற்குமேல் 1.5 டிகிரி தாண்டாமல் காக்க முயல்வோம் என்று 2015-இல் பாரிஸில் நாடுகள் பேசின. 2024-ஆம் ஆண்டு மட்டும் தனியாக எடுத்தால் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. நீண்டகாலச் சராசரி இன்னும் தாண்டவில்லை என்பதே மிச்சமிருக்கும் ஆறுதல். நம் காலத்துக்கும் அய்யாவின் காலத்துக்கும் நடுவே ஏழெட்டுத் தலைமுறைதான். அதற்குள் நிலக்கரியையும் எண்ணெயையும் தோண்டி எரித்து இவ்வளவு செய்தாயிற்று. குறோணி கடலைக் குடித்தான் என்றால் நம்பச் சிரமப்பட்டவர்கள் இதையும் நம்பச் சிரமப்படலாம்.

யார் தின்றது என்ற கேள்வியைக் கேட்காமல் விடுவது தர்மம் ஆகாது. ஓர் இந்தியர் ஓர் ஆண்டில் ஏறத்தாழ 2 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 டன். தின்றவன் ஒருவன், செரிக்காமல் துடிப்பவன் இன்னொருவன். பணக்கார நாடுகள் கொடுக்க வேண்டிய கடன் இது, பிச்சை இல்லை. இதைச் சொல்லிவிட்டு நம் பக்கமும் திரும்ப வேண்டும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படிகிறது. அந்தச் சாம்பலுக்குள் வலை வீசுகிறவர் எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கத்து மீனவர். குளிரூட்டி ஓடும் நம் அறைக்கும் அவருடைய வலைக்கும் நடுவே ஒரு கம்பி போகிறது. தாங்கலில் நாம் வணங்குவது கண்ணாடியை. அதில் தெரிவது யாருடைய முகம் என்று சிறுவனுக்கும் தெரியும்.

இப்போது அந்த வாசல் கேள்வி. கலி அழியும், தர்மயுகம் வரும், பின் நாம் ஏன் செய்ய வேண்டும்?

கலி அழியும் என்பதை அய்யாவைவிட உறுதியாக அறிந்தவர் யார்? அறிந்தவர் என்ன செய்தார் என்று பார்க்கலாம். சாமிதோப்பில் ஆறு ஆண்டு தவமிருந்தார். முத்திரிக்கிணற்றில் பதினெண் சாதியும் ஒன்றாக நீராடவும் நீர் பருகவும் வைத்தார். கிணற்றருகே வந்தாலே தீட்டு என்ற காலத்தில் அது. குனிந்த தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார். தாலிக்கும் ஏணிக்கும் வரி வாங்கிய அரசை நேருக்கு நேர் குற்றம் சொல்லிச் சிறைக்கும் போனார். எழுநூறு குடும்பங்களை வாகைப்பதியிலும் முட்டப்பதியிலும் துவையல் தவசில் இருத்தி, துவைத்து உடுத்தி, அளவாகக் கூடி உண்டு, கடற்கரையில் ஒரே குடும்பமாக வாழப் பழக்கினார். தர்மயுகம் தானே வந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்று மட்டும் சொல்வதாக இருந்தால் இதில் ஒன்றும் தேவையே இல்லை. வரப்போகும் யுகத்தின் வாழ்க்கையை இன்றே வாழத் தொடங்குவதுதான் அவர் காட்டிய காத்திருப்பு.

துவையல் தவசை நான் இந்தக் காலத்துக்கு மிகவும் வேண்டிய பாடமாகக் கருதுகிறேன். குறைவாகக் கொண்டு வாழ்வதைத் தண்டனையாக இல்லாமல் தவமாக, தனியாக இல்லாமல் கூட்டமாக அந்த மக்கள் செய்தார்கள். ஒருவர் மட்டும் சிக்கனமாக இருந்தால் அது அவருடைய குணம். எழுநூறு குடும்பம் இருந்தால் அது ஒரு வழி. கூடவே இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அய்யா மக்களை மட்டும் திருத்திவிட்டு மன்னனை விட்டுவிடவில்லை. ஆகவே வீட்டில் ஒரு விளக்கை அணைத்துவிட்டு நம் கடமை முடிந்தது என்று இருப்பதும் பாதி வழியே. ஏரியைக் கேட்டு மனு கொடுப்பதும், கால்வாய் அடைப்பைக் கேட்டு வார்டு உறுப்பினர் வாசலில் நிற்பதும் பணிவிடைதான்.

நம்பிக்கை எதை வைத்து என்று கேட்கலாம். உலகம் ஒருமுறை கூடிச் செய்து காட்டியிருக்கிறது. வானத்தில் ஓசோன் படலத்தை அரிக்கும் வாயுக்களை நிறுத்த 1987-இல் மாண்ட்ரீலில் ஒப்பந்தம் போட்டார்கள். நாடுகள் கடைப்பிடித்தன. படலம் மெல்லத் தேறி வருகிறது. சூரிய மின்தகடு பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குமுன் வசதியானவர் பேச்சு. இன்று விலை பத்தில் ஒன்றாக இறங்கி, பல இடங்களில் நிலக்கரியைவிட மலிவாகிவிட்டது. ஊருக்குப் போகும்போது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் கணவாயில் சுழலும் காற்றாலைகளைப் பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிறோமே, தமிழ்நாட்டில் அப்படிக் காற்றிலிருந்து எடுக்க நிறுவிய திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சாமிதோப்புக்குப் போகும் வழியில் வீசும் காற்று நம் வீட்டு மின்விசிறியைச் சுற்றுகிறது.

ஆனால் அவசரமும் உண்மை. இன்று எரிக்கும் கரியின் வாயுவில் ஒரு பங்கு நூற்றுக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே இருக்கும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளும் ஒவ்வோர் ஆண்டும் பேரன் கணக்கில் எழுதப்படுகிறது. அதே கணக்கை மறுபக்கம் பார்த்தால் காலம் கடந்துவிட்டது என்ற பேச்சும் பொய். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கைத் தடுத்தாலும் எங்கோ ஒரு தாழ்வான தெருவில் ஒரு வீடு நனையாமல் இருக்கும். எல்லாம் முடிந்துவிட்டது என்பவரும் எல்லாம் தானே சரியாகும் என்பவரும் சண்டை போட்டுக்கொள்வார்கள். செய்வதில் இருவரும் ஒன்று, ஏனென்றால் இருவரும் எதுவும் செய்வதில்லை. அது கலிக்கு வசதி.

நம் பகுதித் தாங்கல்களில் சில காரியங்கள் உடனே முடியும். 2003-இலேயே தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. எத்தனை தாங்கல் கூரைகளில் அந்தக் குழாய் இன்னும் குழியோடு சேர்ந்திருக்கிறது, எத்தனை குழி தூர்ந்துவிட்டது என்று ஐப்பசிக்கு முன் பார்த்துவிட வேண்டும். அன்னதர்மத்துக்குத் தெர்மாகோல் தட்டு வேண்டாம், வாழையிலையும் தையல் இலையும் போதும். கோடை மதியத்தில் தாங்கல் கதவைப் பூட்டிவிட்டுப் போகாமல், பானைத் தண்ணீரோடு திறந்து வைத்தால் தகரக் கூரைக்குக் கீழே வேகிறவர் வந்து உட்காருவார். நிழல் தாங்கல் என்ற பெயரே அதற்குத்தான். மேட்டில் இருக்கும் தாங்கல்கள் மழைக்காலத்தில் பக்கத்துத் தெருவார் யாராக இருந்தாலும், எந்தக் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும், வந்து தங்கப் பாயும் அரிசியும் எடுத்து வைத்திருக்கலாம். ஏரி விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. பருத்திப்பட்டு ஏரியில் 2019-இல் பசுமைப் பூங்கா திறந்தார்கள். காலை நடைக்குப் போகிறவர்களுக்கு நல்லது. பூங்கா இருப்பதாலேயே ஏரி பிழைத்துவிடாது. வரத்துக்கால்வாய் திறந்திருக்கிறதா, கழிவுநீர் நிற்கிறதா என்பதைத்தான் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொரு காரியம் நமக்கே உரியது. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று ஊரில் சொல்வார்கள். பனையேறிகளின் வயிற்றில் பிறந்தவர்கள் நம்மில் பலர். அந்த ஏணிக்குப் போட்ட வரியை எதிர்த்துத்தான் அய்யா பேசினார். பனையின் வேர் ஏரிக்கரையை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பழைய கரைகளில் வரிசையாகப் பனை நிற்கிறது. 2021-இல் வந்த தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் ஏரி, குளக்கரைகளில் பனை விதைக்கத் திட்டமும், ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டத் தடையும் சொன்னார்கள்.

ஆவணி, புரட்டாசியில் ஊருக்குப் போய் வருகிறவர்கள் தேரிக்காட்டிலும் வயல் ஓரத்திலும் உதிர்ந்து கிடக்கும் பனம்பழத்தை விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு பையில் இருபது கொட்டை கொண்டுவந்தால் போதும். தாங்கலில் சேர்த்து வைத்துக்கொண்டு, கரையில் ஊன்ற நீர்வளத்துறையிடம் முன்பே எழுதி அனுமதி வாங்க வேண்டும். ஒரு சாண் ஆழக் குழி, பத்தடிக்கு ஒன்று. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். முளை முதலில் மேலே வராது, கிழங்காகி மண்ணுக்குள்தான் இறங்கும். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாது. ஒன்றும் முளைக்கவில்லை என்று யாரும் தோண்டிப் பார்க்காமல் இருந்தால், அடுத்த கோடையில் ஓர் ஓலை தலைகாட்டும். நுங்கு வர பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு ஆகும். யார் வெட்டித் தின்பார்கள் என்று இப்போது சொல்ல முடியாது.

அய்யா உண்டு.